ஐந்து தடவை திரும்பி வந்த கடிதம்

"அம்மா, செங்கமலத்துக்காக இனிமேல் என்னால் எழுத முடியாது" என்றார் தாயுமானவன்.

வடிவாம்பாள் தலை நிமிரவில்லை. கோயில் விழா மலருக்கு யாரோ கேட்டிருந்த வாழ்த்துரையை முடித்துக்கொண்டிருந்தார்.

மனுவோ கடிதமோ இரங்கல் உரையோ, வந்து கேட்பவர்களுக்கு எழுதிக் கொடுப்பதுதான் அவர் தொழில். தாயுமானவன் கூட்டுறவுப் பண்டகசாலையில் இருந்து ஓய்வுபெற்ற பிறகு அவரிடம் தொழில் கற்க வந்தவர். வயதில் ஒன்பது வருஷம் மூத்தவர். ஆனாலும் அம்மா என்றுதான் கூப்பிடுவார். குரு என்றால் குருதானே.

செங்கமலம் ஆப்பக்கடைக்காரர். வீட்டில் அவர் ஒருத்தர்தான். ஒரே மகள் வளர்மதி தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்ட அன்றைக்கு, இனி இந்த வாசலை மிதிக்காதே என்று சொல்லிவிட்டார். பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

வருகிற வெள்ளிக்கிழமை மகள் குடும்பத்தோடு வெளிநாடு போகிறாளாம். அதற்குள் ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட வேண்டும். போனை எடுத்தால் எண்ணை அழுத்தாமலே வைத்துவிடுகிறார். அதனால்தான் கடிதம்.

தாயுமானவன் ஐந்து கடிதம் எழுதிப் பார்த்துவிட்டார். தாய்மையின் பெருமையை எழுதினார். மன்னிப்பின் மேன்மையை எழுதினார். படிக்கப் படிக்க அவருக்கே கண் கலங்கியது.

செங்கமலம் மட்டும் ஒவ்வொரு தடவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நல்லாத்தான் இருக்கு, ஆனா மந்திரி மேடையில பேசுற மாதிரி இருக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வடிவாம்பாள் கையை நீட்டினார்.

"பேனாவைக் குடுங்கய்யா."

வாங்கி, அகிலாண்டேஸ்வரி படத்துக்கு முன்னால் வைத்தார்.

அவ்வளவுதான், நம்மை அனுப்பிவிடப் போகிறார் என்று தாயுமானவனுக்கு மனசு கலங்கியது.

"அந்த அம்மா என்ன சொன்னாங்க?"

மகளை வரச்சொல்லி எழுதணும் என்று சொன்னதைச் சொன்னார்.

"அது எழுதச் சொன்னது. வேற என்ன பேசினாங்க?"

வேறு ஒன்றும் இல்லை என்றார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே ஏதாவது சொல்லுவார், அதெல்லாம் கடிதத்துக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்றார்.

"என்ன பேச்சு?"

"எப்பவும் ஒரே பேச்சுதாம்மா. நேரமாச்சு, ரெண்டு பேருக்கு உலை வைக்கணும்னு..."

தாயுமானவன் நிறுத்திவிட்டார்.



"அவங்க வீட்டுல ஒருத்தர்தானே" என்றார் தாயுமானவன், தனக்குத்தானே.

படத்துக்கு முன்னால் இருந்த பேனாவை எடுத்து, வடிவாம்பாள் அவர் கையில் கொடுத்தார்.

சாயங்காலம் செங்கமலம் வந்தார். இந்தத் தடவையும் சரியாக இருக்காது என்ற நினைப்பில், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

தாயுமானவன் படித்தார். ஒரே வரிதான்.

"வளர்மதி, இன்னிக்கும் நம்ம ரெண்டு பேருக்குந்தான் உலை வெச்சேன்."

செங்கமலம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகு, சந்நிதியில் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டார்.

"இதை நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லையே. உங்களுக்கு யாருய்யா சொன்னது?"

தாயுமானவன் திரும்பி வடிவாம்பாளைப் பார்த்தார்.

அவர் எதிரே, அடுத்த ஆள் வந்து உட்கார்ந்திருந்தார். வடிவாம்பாள் பேனாவை மூடி அந்தப்பக்கம் தள்ளி வைத்துவிட்டு, "சொல்லுங்க" என்றார்.