நாற்பத்தோராவது கவர்

"மூணு முறையும் மூணு விதமாச் சொல்லுது அம்மா. எதை நம்புறது?"

கேட்டவர் குற்றாலிங்கம். முப்பது வருஷம் சங்கிலி பிடித்து ஊரார் நிலத்தை அளந்துவிட்டு ஓய்வு பெற்ற சர்வேயர்.

தூரத்தில் இருப்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே மனத்தால் காணும் பயிற்சிக்காக, தென்காசியில் செண்பகத்திடம் சேர்ந்திருந்தார். செண்பகத்துக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. பேச்சு இன்னும் குறைவு.

பயிற்சி இதுதான். யாராவது ஓர் இடத்தின் முகவரியை எழுதி, கவரில் போட்டு ஒட்டி, மேலே எண் மட்டும் போடுவார்கள். பயில்கிறவர் கவரைத் திறக்காமல் அந்த இடத்தைக் கண்டு எழுத வேண்டும். அப்புறம் திறந்து, நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும்.

குற்றாலிங்கம் நோட்டை விரித்தார். கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தார்.

"எண்ணைப் பார்த்ததும் கை போன போக்குல கிறுக்கி, நிறம், வாசனைன்னு படிப்படியா எழுதுற முறையில பச்சைக் கதவு வந்துச்சு. கண்ணை மூடிப் படுத்துக்கிட்டு, பக்கத்துல ஒருத்தர் கேள்வி கேக்குற முறையில நீலக் கதவு. தண்ணிக் கிண்ணத்தையே பார்த்துக்கிட்டு இருந்தா, கதவே இல்லம்மா. வெறும் சுவரு."

"எத்தனை தடவை பார்த்தீங்க, அண்ணாச்சி?"

"முறைக்கு நூறு."

"எந்தக் கவரு?"

"நாப்பத்தொண்ணு."

செண்பகம் நோட்டைப் புரட்டினார். நாற்பது வரை ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே சரி, தப்பு என்று சிவப்பு மையில் குறித்திருந்தது. நாற்பத்தொன்றுக்கு எதிரே எதுவும் இல்லை.

கவரும் நோட்டுக்குள்ளேயே இருந்தது. பிரிக்கவில்லை. ஓரம் மட்டும் கையழுக்கில் கறுத்துப்போயிருந்தது.

"இதை ஒட்டினது யாரு?"

தானே ஒட்டியதைத் தானே பார்க்கக் கூடாது என்பது முதல் நாள் பாடம். குற்றாலிங்கம் தரையைப் பார்த்தார்.

"நான்தான்."

"யாரு வீடு?"

"மக வீடு. பூரணி. என்னைக் கேக்காமக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. என் மூஞ்சியிலேயே முழிக்காதேன்னுட்டேன். ஒம்போது வருஷமாச்சு. பேரன் பள்ளிக்கூடம் போறானாம். எப்படி இருக்காங்கன்னு ஒரு தடவை பார்த்துட்டாப் போதும்."

அவருக்கு அழுகை வந்தது. அழுதார். முடியும் வரை செண்பகம் காத்திருந்தார்.

பிறகு கவரைக் கிழித்துப் படித்தார்.

"கடையநல்லூரா? பஸ்ல அரை மணி நேரம்."

"முப்பத்தேழு நிமிஷம்" என்று திருத்தினார் குற்றாலிங்கம்.

"போயிருக்கீங்களா?"

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும். இறங்கி, அடுத்த பஸ்ல திரும்பிட்டேன்."

"எத்தனை தடவை?"

"நாலு."

செண்பகம் நோட்டை மூடி அவர் கையில் கொடுத்தார்.

"சரிபார்க்காம எந்த முறை உசத்தின்னு எப்படிச் சொல்ல?"

குற்றாலிங்கம் எழுந்தார். வாசல் வரை போனார். அங்கேயே நின்றுவிட்டார். அவருக்குப் பயமாக இருந்தது.

"நான் போயி நிக்கும்போது, முகத்துக்கு நேரே அவ கதவைச் சாத்திட்டான்னா?"

செண்பகம் பின்னாலேயே வந்து, சிவப்புப் பேனாவை அவர் சட்டைப் பையில் செருகினார்.

"கதவு என்ன நிறம்னு தெரிஞ்சிரும்லா, அண்ணாச்சி."