தோள்வலிக்குக் காலில் ஊசி

தென்காசியில் செங்கமலம் டாக்டரிடம் ஊசி வைத்தியம் படிக்க ஒரு சீடர் வந்து சேர்ந்தார். சீடர் என்றதும் யாரோ சின்னப் பையன் என்று நினைத்துவிடாதீர்கள். குருவைவிடச் சீடருக்குப் பதினைந்து வயது கூட. பெயர் ஆரோக்கியநாதன். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மயக்க மருந்து டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

ஓய்வு பெற்றவர் வீட்டில் சும்மா இருக்கலாம் அல்லவா? முடியவில்லை. ஒரு சொட்டு மருந்தில்லாத வெறும் ஊசி, மயிர் கனமே உள்ள ஊசி, அது எப்படி வலியைக் குறைக்கும்? இந்தக் கேள்வி அவரைச் சாப்பிட விடவில்லை. நரம்பு, தண்டுவடம், மூளையே சுரந்துகொள்ளும் வலிமருந்து என்று புத்தகங்களில் எழுதியிருப்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மனப்பாடம் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் வந்தார்.

வந்த அன்றே கேட்டார்.

"மேடம், ஊசி குத்தினா வலி எங்கே போகுது?"

"நீங்க மயக்கம் கொடுத்தப்ப எங்கே போச்சு சார்?"

"எங்கேயும் போகாது. ஆள் தூங்கிடுவார். அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

"எழுந்த பிறகு?"

"எழுந்த பிறகு வலிக்கும். வார்டுல பாத்துப்பாங்க. நான் அடுத்த கேஸுக்குப் போயிருப்பேன்."

"ம்" என்றார் செங்கமலம். அந்த அம்மாவிடம் இது ஒரு தொந்தரவு. கேள்விக்குப் பதில் வரும் என்று காத்திருந்தால் கேள்விதான் வரும். அதுவும் இல்லாவிட்டால் "ம்".

அந்த வாரம் மூக்கையா வந்தார். பழைய குற்றாலம் போகிற வழியில் ஒரு கடையில் பரோட்டா மாஸ்டர். ஆள் மலை மாதிரி இருந்தார். வலது கையை மட்டும் உடம்போடு ஒட்டி, ஏதோ அடுத்தவர் பொருளைப் பத்திரமாகக் கொண்டுவருவதுபோல் கொண்டுவந்தார். தோள் இறுகிப்போயிருந்தது. படமெல்லாம் எடுத்துப் பார்த்தாயிற்று, எலும்பில் கோளாறு இல்லை. கை மட்டும் நெஞ்சுக்கு மேலே ஏறாது. அப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு பரோட்டாவை எப்படி வீசுவது?

இதுவரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வீசிக்கொண்டிருந்தார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, கூட்டம் கூடினால் நடுவில் ஒன்று. இப்போது கிட்னி டாக்டர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டார், இனி வலி மாத்திரை தொட்டால் நான் பொறுப்பில்லை என்று. கடை முதலாளியும் சொல்லிவிட்டார், அருவிச் சீசன் ஆரம்பிக்கும்போது கை தூக்கவில்லையென்றால் பரோட்டாக் கல்லுக்கு வேறு ஆள் என்று.

"ரெண்டு பேரும் நல்லவங்கதான் அம்மா. நடுவுல நான்தான் மாட்டிக்கிட்டேன்" என்றார் மூக்கையா.

செங்கமலம் அவரை நாற்காலியில் உட்காரவைத்தார். வேட்டியை முழங்காலுக்கு ஏற்றச் சொன்னார். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில், முன்னெலும்புக்கு வெளிப்பக்கமாக விரலால் தடவி ஓர் இடத்தில் நிறுத்தினார். ஊசியை ஏற்றினார்.

ஆரோக்கியநாதன் கிட்டத்தட்டத் தரையில் உட்கார்ந்துவிட்டார். தோள்வலிக்குக் காலிலா! எந்த இடம், எந்தச் சாய்வு, எவ்வளவு ஆழம், விரல் எந்தப் பக்கம் திருகுகிறது எல்லாம் பார்த்தார். கண்ணாடி நுனிமூக்கில் தொங்கியது. மேலே குருவும் மூக்கையாவும் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். மாவுக்கு எவ்வளவு எண்ணெய், நேராக வீசுவீர்களா, சாய்த்தா, எங்கே வீசிக் காட்டுங்கள் பார்ப்போம் என்று என்னவோ. நல்ல நேரத்தில் இப்படி வளவளவென்று பேசுகிறாரே இந்த அம்மா என்று நினைத்துக்கொண்டு ஆரோக்கியநாதன் ஊசியையே பார்த்தார்.

"அம்மோ!" என்ற சத்தம் கேட்டு நிமிர்ந்தார். மூக்கையாவின் கை தோளுக்கு மேலே நின்றது. கையை அதன் சொந்தக்காரரே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த தடவை சார் போடுவார்" என்றார் செங்கமலம்.

சீடருக்குத் தலைகால் புரியவில்லை. முதல் நோயாளி! வீட்டுக்குப் போய்த் தன் காலிலேயே குத்திப் பழகினார். கனமாக, மந்தமாக ஓர் உளைச்சல் கால் விரல் வரை இறங்கியது. ஊசி பிடித்ததற்கு அடையாளம் இதுதான், இதுதான் என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அம்மாள் பார்த்துவிட்டு, "உங்களுக்கு நேரம் போகலைன்னா கடைக்குப் போயிட்டு வாங்க" என்றார்.

மூக்கையா மறுபடி வந்தார். கை மறுபடி கீழே இறங்கியிருந்தது. ஒரு தடவையில் தீராது என்று செங்கமலம் முன்பே சொல்லியிருந்தார்.

ஆரோக்கியநாதன் அவரைக் கட்டிலில் படுக்கவைத்தார். விளக்கைக் குறைத்தார்.

"கண்ணை மூடிக்கோங்க. அசையாதீங்க. பேசாதீங்க. எல்லாம் நான் பாத்துக்கறேன்."

ஊசி அதே இடத்தில், அதே சாய்வில், அதே ஆழத்தில் இறங்கியது. செங்கமலமே எட்டிப் பார்த்து, "இடம் சரி சார்" என்றார். அரை மணி நேரம் கழித்து ஆரோக்கியநாதன் ஊசியை உருவினார். கையைத் தூக்கச் சொன்னார். நெஞ்சு வரை வந்த கை அங்கேயே நின்றுவிட்டது.

"இவருக்கு உளைச்சல் வந்திருக்குமா மேடம்?" என்று குருவிடம் கேட்டார்.

"ம்" என்றார் குரு.

அடுத்த தடவையும் அதே கதை. கொஞ்சம் பருமனான ஊசி, இன்னும் கொஞ்சம் நேரம். மூக்கையா குறட்டை விட்டுத் தூங்கினார். எழுந்தார். கை ஏறவில்லை.

"நல்லாத்தான் குத்துதிய சார்" என்றார் மூக்கையா. மனுசனுக்கு அடுத்தவர் மனம் நோகப் பேச வராது. "நல்ல தூக்கம். ஆனா தூங்கதுக்கா வந்தேன்?"

பையிலிருந்து மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். புது அட்டை.

"வர்ற வெள்ளிக்கிழமை கடையில சீசனுக்குத் தோரணம் கட்டுதாக. சாரல் விழ ஆரம்பிச்சாச்சு. அன்னைக்கும் தூக்கலைன்னா இதைப் போட்டுட்டுக் கல்லுக்குப் போயிருவேன் சார். கிட்னி போனா போவுது. கல்லை விட்டா எனக்கு என்ன தெரியும்?"

அட்டையை எடுத்துக்கொண்டு அவர் போன பிறகு ஆரோக்கியநாதன் குருவைத் தேடிப் போனார். தன் கையால் ஒரு மனிதன் கெட்டுப்போவானோ என்ற பயம் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் வந்தது.

"மேடம், என் கையில என்ன தப்பு? எதையோ நீங்க சொல்லாம வச்சிருக்கீங்க."

"அன்னைக்கு நான் போட்டப்ப நீங்க எங்கே இருந்தீங்க?"

"பக்கத்துலதானே இருந்தேன்! கண் இமைக்காம ஊசியைப் பாத்துக்கிட்டு இருந்தேனே."

"ஆமா. பாத்தேன்" என்றார் செங்கமலம்.

இதுவும் ஒரு பதிலா! ஆரோக்கியநாதனுக்குக் கோபம்கூட வந்தது. குரு என்பதால் அடக்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை மூக்கையா வந்தார். சட்டைப் பையில் மாத்திரை அட்டை துருத்திக்கொண்டு தெரிந்தது. வழக்கம்போல் கட்டிலை நோக்கிப் போனார்.

"கட்டில் வேண்டாம். இங்கே உக்காருங்க" என்றார் செங்கமலம். மேசைக்கு முன்னால் ஒரு முக்காலி போட்டிருந்தது. ஆரோக்கியநாதன் தரையில் குந்தி, காலைத் துடைத்து, ஊசியை ஏற்றினார். வாய் தானாகவே ஆரம்பித்தது.

"கண்ணை மூடிக்கோங்க. அசையா..."

டொக்கென்று மேசைமேல் ஒரு தூக்குவாளி வந்து உட்கார்ந்தது. செங்கமலம் மூடியைத் திறந்து, உள்ளேயிருந்து மைதா மாவு உருண்டை ஒன்றை எடுத்து மூக்கையாவின் முன்னால் வைத்தார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் எண்ணெய். காலையில் அவரே பிசைந்தாராம். பார்த்தாலே தெரிந்தது.

மூக்கையா மாவைப் பார்த்தார். விரலால் அமுக்கினார். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"இது மாவா அம்மா? யாரு பிசைஞ்சா? தண்ணியக் கொட்டி வச்சிருக்கு. இது வீசினா கிழியும்."

"கிழியாம வீச முடியாதா?"

"முடியாதுன்னு யாரு சொன்னா? பதமா வீசணும்லா!"

எண்ணெயைத் தொட்டார். உருண்டையைத் தட்டினார். இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். நெஞ்சு வரை வந்தது. "ஸ்ஸ்" என்றார். ஆரோக்கியநாதன் பதறிப்போய் அவர் முழங்காலைப் பிடித்தார். 'அசையாதீங்க' என்ற வார்த்தை நாக்கு வரை வந்துவிட்டது. செங்கமலம் அவரைப் பார்த்து விரலைத் திருகிக் காட்டினார். வார்த்தையை விழுங்கிவிட்டு அவர் ஊசியைத் திருகினார்.

"வருது" என்றார் மூக்கையா. "உளையுது. காலு பூரா உளையுது. திருகுங்க சார்."

ஆரோக்கியநாதன் திருகினார். மேலே மாவு ஒரு சுற்றுச் சுற்றி மேசையில் பளாரென்று விழுந்தது. மறுபடி எழுந்தது. இந்த முறை தோளுக்கு. அடுத்த முறை காதுக்கு. "இன்னும் கொஞ்சம்!" என்று கத்தியது யார் என்று பார்த்தால், ஆரோக்கியநாதனேதான். வாழ்நாளில் நோயாளி இருக்கும் அறையில் அவர் குரலை உயர்த்தியதே இல்லை. எண்ணெய்த் துளி கண்ணாடியில் தெறித்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை. ஒரு கையால் ஊசி, இன்னொரு கையால் முழங்கால், பார்வை மட்டும் முதல் தடவையாக மேலே.

மாவு விரிந்து விரிந்து, அந்தப் பக்கம் நிற்கும் ஆள் தெரிகிற அளவுக்கு மெலிந்துவிட்டது. கிழியவில்லை. கை தலைக்கு மேலே போகவில்லை, காதோடு நின்றது. ஆனால் நின்றது. மூக்கையா பரோட்டாவை மேசையில் விரித்துப்போட்டுவிட்டு அழுதுவிட்டார். கை பூரா எண்ணெய், கண்ணைத் துடைக்க வழியில்லாமல் தோளிலேயே துடைத்துக்கொண்டார். அந்த வலது தோளில்.

"இன்னைக்குக் கடைப் பையனை வீசச் சொல்லிட்டு நான் பக்கத்துல நிக்கேன் அம்மா. கொஞ்சம் கொஞ்சமா நானே வீசிருவேன். மாத்திரை கிடக்கட்டும். நாளைக்கும் வாரேன், சார் இருப்பாகல்லா?"

"இருப்பார்" என்றார் செங்கமலம்.

ஊசியை உருவிவிட்டு ஆரோக்கியநாதன் எழுந்தார். முழங்கால் கடகடவென்றது. சந்தோஷம் தாங்கவில்லை, கேள்வியும் தாங்கவில்லை. மூக்கையாவைத் தாண்டிக்கொண்டு நேரே குருவிடம் போனார்.

"மேடம், இப்ப இவருக்கு வலி போயிடுச்சா, இல்லை குறைஞ்சிருக்கா? ஸ்ஸுன்னாரே, அப்ப எப்படி இருந்திருக்கும்? வேலை செஞ்சது ஊசியா, மாவா?"

செங்கமலம் தூக்குவாளியை மூடினார்.

"உங்க ஊசிக்கு அப்புறமும் முழிச்சிருக்கிற முதல் ஆள் அவர்தான் சார். அவரையே கேளுங்களேன்."