ஒற்றைக் கட்டளையும் ஒரு மீசையும்

செம்பாலை நாட்டில் ராஜா உண்டு, யானை உண்டு, கம்ப்யூட்டரும் உண்டு. மூன்றும் ஒரே காலத்தில் எப்படி என்று கேட்டுக் கதையை நிறுத்தாதீர்கள். உண்டு, அவ்வளவுதான்.

ராஜா செண்பக வழுதிக்கு மாளிகைகள் பல. மாளிகைக்கு ஒரு கம்ப்யூட்டர். ஆளுக்கொன்றாக வாங்கிப் போட்டதால் ஒன்று மாதிரி ஒன்று இருக்காது; உள்ளே ஓடுகிற இயங்குதளமும் வேறு வேறு. மலை மாளிகையில் உபுண்டு, கோட்டையில் ஃபெடோரா, கடற்கரை மாளிகையில் ஃப்ரீபிஎஸ்டி. அந்தப்புரத்தில் இருந்தது மேக். அதைத் தொட ராஜாவே ராணியிடம் அனுமதி கேட்க வேண்டும்.

ராஜாவுக்கு வேண்டியதோ எல்லா இடத்திலும் ஒன்றுதான். திரையில் பட்டத்து யானையின் படம், தட்டினால் தமிழ், கண்ணாடி போடாமலே படிக்கிற மாதிரி பெரிய எழுத்து. இதையெல்லாம் மாளிகை மாளிகையாகப் போய் அமைத்துக் கொடுப்பது தலைமை அமைச்சர் பேரருளாளரின் மைத்துனன் திருமேனியின் வேலை. அவன் அமைத்து முடிப்பதற்குள் ராஜா அடுத்த மாளிகைக்குக் கிளம்பிவிடுவார்.

ஒருநாள் கடற்கரை மாளிகையில் உட்கார்ந்து, அண்டை நாட்டு ராஜாவுக்குச் "சௌக்கியமா?" என்று தட்டி அனுப்பினார். அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் இன்னும் வந்து சேரவில்லை. போனது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. அண்டை ராஜா அதை ரகசியப் போர்க் குறிப்பு என்று நினைத்து, எல்லையில் படையைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

செண்பக வழுதி கொதித்துப்போய்ச் சபையைக் கூட்டினார். "ஒரே கட்டளை! அதைத் தட்டினால் எந்த மாளிகைக் கம்ப்யூட்டரும் எனக்கு ஏற்றபடி மாறிக்கொள்ள வேண்டும். யாரால் முடியும்?"

"முடியவே முடியாது, மகாராஜா" என்றார் பேரருளாளர். முடிந்துவிட்டால் மைத்துனன் வேலை போய்த் தன் வீட்டில் வந்து உட்கார்ந்துகொள்வானே என்ற கவலை அவருக்கு.

"முடியும், மகாராஜா" என்றது ஒரு குரல். சபையின் குறும்புக்காரன் குழைக்காதன்தான். அவனுக்கு எப்போதும் வாய் முந்திக்கொள்ளும்.

"முடியாவிட்டால்?" என்று அமைச்சர் மடக்கினார். "உன் மீசையை இதே சபையில் எடுத்துவிடலாமா?"

குழைக்காதனின் மீசை லேசுப்பட்ட மீசை இல்லை. தினமும் விளக்கெண்ணெய் தடவி, இரண்டு முனையும் காதை எட்டிப் பார்க்கிற மாதிரி வளர்த்தது. அந்த மீசையைப் பார்த்துத்தான் அவன் மனைவி கல்யாணத்துக்கே சம்மதித்தாள். இருந்தாலும் வீம்புக்குத் தலையாட்டிவிட்டான்.

வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்தான். இந்தக் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊர்க் கடைக்காரன் மாதிரி. அந்த ஊர்ப் பேச்சில் கேட்டால்தான் சாமானை எடுத்துக் கொடுக்கும். அதனால் அவன் எழுதிய கட்டளை முதலில் "நீ எந்த ஊர்?" என்று விசாரிக்கும். பிறகு அந்த ஊர்ப் பேச்சிலேயே, எது இல்லையோ அதை மட்டும் கேட்டு வாங்கி வைக்கும். இருப்பதன் மேல் கை வைக்காது.

சோதனை நாளில் கம்ப்யூட்டர்களைப் பல்லக்கில் ஏற்றிச் சபைக்குக் கொண்டுவந்தார்கள். குழைக்காதன் ஒவ்வொன்றிலும் அதே கட்டளையைத் தட்டினான். திரைக்குத் திரை பட்டத்து யானை வந்து நின்றது. தமிழ் வந்தது. எழுத்து பெரிதானது. ராஜா குழந்தை மாதிரி கை தட்டினார்.

பேரருளாளர் எழுந்தார். "மகாராஜா, அதையே இன்னொரு தடவை தட்டச் சொல்லுங்கள்."

குழைக்காதன் தட்டினான். "எல்லாம் இருக்கிறது. செய்ய ஒன்றுமில்லை" என்று திரையில் வந்தது.

"பார்த்தீர்களா, மகாராஜா! இரண்டாம் தடவை சொன்னால் சும்மா நிற்கிறது! என் மைத்துனனும் ஒன்று எழுதியிருக்கிறான், அதைப் பாருங்கள்." முடியவே முடியாது என்று சொன்ன அதே வாய்தான்.

திருமேனி தட்டினான். யானை வந்தது. அதன் கீழே "ராஜாதி ராஜன் வாழ்க!" என்று ஒரு வரியும் வந்தது. மறுபடி தட்டினான். இன்னொரு வாழ்க. மறுபடியும் தட்டினான். இன்னுமொரு வாழ்க. யானையின் பாதி உடம்பு வாழ்கவில் மறைந்துபோனது. ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"இதல்லவா உழைப்பு! சொல்லும்போதெல்லாம் ஏதாவது செய்கிறது. குழைக்காதா, உன்னுடையது சரியான சோம்பேறி. கூப்பிடுங்கள் நாவிதரை!"

அரண்மனை நாவிதர் மாசிலாமணி வந்து கத்தியைத் தீட்டினார். குழைக்காதன் மீசையை ஒரு தடவை நீவிக்கொண்டான். சட்டென்று கை கூப்பினான்.

"மகாராஜா, கட்டளையைச் சோதித்த மாதிரி நாவிதரையும் சோதிக்க வேண்டாமா? முதலில் அமைச்சரின் மீசையை எடுக்கச் சொல்லுங்கள்."

பேரருளாளர் மழுமழு முகத்துக்காரர். ராஜாவுக்கு வேடிக்கையாக இருந்தது. "எடும்" என்றார்.

மாசிலாமணி அமைச்சரின் மேலுதட்டைத் தடவிப் பார்த்தார். "காலையிலேயே எடுத்தாயிற்றே, மகாராஜா. இனி எடுக்க ஒன்றுமில்லை" என்று கத்தியை மடக்கினார்.

"பார்த்தீர்களா, மகாராஜா!" என்று அமைச்சரின் குரலிலேயே கூவினான் குழைக்காதன். "இரண்டாம் தடவை சொன்னால் சும்மா நிற்கிறார்! இவர் சரிப்பட மாட்டார். அமைச்சருக்குப் பிடித்த நாவிதர் என்றால் சொல்லும்போதெல்லாம் எதையாவது எடுக்க வேண்டும். மீசை இல்லாவிட்டால் என்ன? அதற்கு மேலே இரண்டு புருவம் சும்மாதானே இருக்கிறது!"

ராஜா அமைச்சரின் புருவத்தை உற்றுப் பார்த்தார். "அதுவும் நியாயம்தான். எடும்."

கத்தி மறுபடி விரிந்தது. பேரருளாளர் இரண்டு கைகளாலும் புருவத்தைப் பொத்திக்கொண்டு அலறினார். "ஐயோ, வேண்டாம்! செய்து முடித்ததை மறுபடி செய்யாமல் சும்மா இருக்கிறவன்தான் நல்ல வேலைக்காரன்!"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "குழைக்காதா, உன் மீசை உனக்கே. எல்லா மாளிகைக்கும் இனி உன் கட்டளைதான். தடவிக்கொள்ள அரண்மனைச் செக்கிலேயே எண்ணெய் வாங்கிக்கொள்." பிறகு அமைச்சர் பக்கம் திரும்பினார். "பேரருளாளரே, இப்போது சொன்னீரே, நல்ல வார்த்தை. இன்னொரு தடவை சொல்லும், கேட்கலாம்."

புருவத்திலிருந்து கையை எடுக்காமலே பேரருளாளர் முனகினார்:

"அதுதான் ஒரு தடவை சொல்லியாயிற்றே, மகாராஜா!"