ஏழு தலைமுறைக் கிணறு

முன்னொரு காலத்தில், ஒருபக்கம் கடலும் மறுபக்கம் காடுமாகக் கிடந்த செங்கரை நாட்டை மகரகேது என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான், ஆனால் ஆசை வந்துவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஒருநாள் படகில் போகையில் கரைக்கு எதிரே ஒரு குட்டித் தீவைப் பார்த்தார். வெள்ளை மணல், நாலைந்து தாழம்புதர், மீன் காயப்போட்டுப் பிழைக்கிறவர்களின் பன்னிரண்டு குடிசை. இங்கே எனக்கே எனக்கென்று ஒரு மாளிகை வேண்டும் என்று படகிலேயே சொல்லிவிட்டார்.

குடிசைக்காரர்களின் இடத்தைப் பிடுங்கிக்கொண்டார் என்று ஊர் பேசக்கூடாதே! அந்தக் கவலையைத் தீர்க்க ஓடிவந்தவர் அரண்மனைப் பண்டிதர் திருமலைவாணர். மந்திரி நல்லமாறனுக்கு ராஜா வைரக் கடுக்கன் கொடுத்த நாளிலிருந்து பண்டிதருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. தீவைக் கண்ணால் பாராமலே மூன்று நாளில் அதன் வரலாற்றை எழுதி முடித்தார். ராஜாவின் முன்னோர் ஏழு தலைமுறை அங்கே வாழ்ந்தார்களாம், ஆழக் கிணறு வெட்டி இளநீர் மாதிரித் தண்ணீர் குடித்தார்களாம், மீனவர்கள் நேற்று வந்து ஒண்டியவர்களாம்.

சபையில் அதைக் கேட்ட ராஜாவுக்குப் புல்லரித்தது. பௌர்ணமிக்குள் பன்னிரண்டு குடும்பமும் தீவைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

நல்லமாறன் மறுத்துப் பேசவில்லை. "அருமையான வரலாறு, அரசே. மாளிகைக்கு அடிக்கல் நாட்டும் அன்று குடிதண்ணீர் எதற்குச் சுமக்க வேண்டும்? முன்னோர் கிணற்றைத் தூர்வாரி அதையே குடிப்போம். இடத்தைப் பண்டிதர் காட்டட்டும்" என்றார்.

பண்டிதர் ஏதேதோ சாக்குச் சொல்லப் பார்த்தார். ராஜாவோ உடனே சம்மதித்துவிட்டார்.

சித்திரை வெயிலில் நூறு பேர் தீவில் இறங்கினார்கள், ஒரு குடம் தண்ணீர் இல்லாமல். பண்டிதர் குத்துமதிப்பாக ஒரு தாழம்புதரைக் காட்டி, கிணறு இங்கேதான் தூர்ந்து கிடக்கிறது என்றார். மேல்மணல் கசிந்தும் நிற்காமல் ஆள் உயரம் தோண்டியதும் தண்ணீர் பொங்கி வந்தது. பண்டிதருக்குப் போன உயிர் திரும்பியது. ராஜா ஒரு கை அள்ளிக் குடித்தவர் அப்படியே துப்பினார். வெறும் உப்பு. இன்னும் ஆழமாக என்றார் பண்டிதர், அது இன்னும் கரித்தது. இடம் மாற்றினார்கள், அங்கேயும் உப்பு. கடல்நீர் உள்வாங்கிப் படகுகள் தரைதட்டி நின்றதால் திரும்பிப் போகவும் வழியில்லை. நண்பகலில் ராஜாவின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

மூட்டை கட்டிக்கொண்டிருந்த நீலாயி என்கிற மீனவப் பெண் இதையெல்லாம் பார்த்தாள். ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்துக்கொண்டு வந்து, முழங்கை ஆழத்துக்குக் கையாலேயே மணலைப் பறித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நீர் மெல்லக் கசிந்து ஊறியது. மேலாக மொண்டு ராஜாவிடம் நீட்டினாள். ராஜா ஒரே மூச்சில் குடித்தார். தித்திப்பு!

எப்படி என்று கேட்டார்.

"மழத்தண்ணி மேல கெடக்கு, உப்புத்தண்ணி கீழ கெடக்கு ராசா. இம்புட்டுத்தான் தோண்டணும். எங்க ஆத்தாளுக்கு அவ ஆத்தா சொல்லிக்குடுத்தது."

"எத்தனை தலைமுறையாக?"

"எண்ணிப் பாத்ததில்ல ராசா."

ஏழு தலைமுறை இங்கே வாழ்ந்த முன்னோருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும் என்று நல்லமாறன் மெதுவாகக் கேட்டார். ராஜா தலை குனிந்தார். "நான் ஆசைப்பட்டதைத்தானே இவர் எழுதினார்" என்றார்.

அடுத்த சிரட்டையை நீலாயி பண்டிதரிடம் கொண்டுவந்தாள். "நீங்களும் குடிங்கய்யா. வந்ததுலேருந்து வெயில்ல நிக்கிறீக."

அவள் முகத்தில் கோபமே இல்லை. தன்னை நேற்று வந்தவள் என்று எழுதியது இந்த ஆள்தான் என்பது அவளுக்குத் தெரியாது. பண்டிதருக்கு உடம்பு கூசியது. சபையே சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"நீங்கள் நேற்று வந்தவர்கள் என்று எழுதியவன் நான்தான், அம்மா."

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. "தெரியாம எழுதிட்டீக போல."

ஆமாம் என்று தலையாட்டித் தப்பித்திருக்கலாம். "இல்லை. பொய்யென்று தெரிந்தே எழுதினேன்" என்றார். அவள் சிரட்டையை அவர் காலடியில் மணலில் வைத்துவிட்டுப் போனாள். அதை எடுத்துக் குடிக்க அவருக்குக் கை வரவில்லை.

தீவு மீனவர்களுக்கே என்று ராஜா செப்பேடு கொடுத்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீலாயிக்கும், விரல் மோதிரத்தை நல்லமாறனுக்கும் தந்தார். உண்மையான வரலாற்றைக் கல்லில் வெட்ட வேண்டும், அதையும் நீரே செய்யும் என்று பண்டிதருக்கு உத்தரவிட்டார்.

அவர் தன் கையால் இரண்டு வரிதான் வெட்டினார்: 'முழங்கை ஆழம் நன்னீர். இதை அறிந்தவர்களுடையது இத்தீவு.' எழுதியவர் பெயருக்கு இடம் விட்டிருந்தார், பெயரை வெட்ட மனம் வரவில்லை.

ராஜா போயாச்சு, மந்திரி போயாச்சு, பண்டிதரும் போயாச்சு. தீவுக்காரர்கள் இன்றைக்கும் முழங்கை ஆழம் பறித்துத்தான் தண்ணீர் மொள்கிறார்கள், கல்லில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.