உட்கார்ந்தால் பிடித்தம்

கோவில்பட்டியில் தனுஷ்கோடி அண்ணாச்சி என்று ஒரு ஜவுளிக்கடை முதலாளி. காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் ராத்திரிதான் எழுந்திருப்பார். ஆனால் வேலையாள் எவனாவது உட்கார்ந்துவிட்டால் அவருக்குப் பொறுக்காது. சம்பளத்தில் ஒரு நாள் கூலியைப் பிடித்துவிடுவார். ஒருநாள் கால் வீங்கிப்போய்ச் சற்றே உட்கார்ந்த வேலையாள் சுடலைக்கும் பிடித்தார். கெஞ்சியும் மனுஷன் இரங்கவில்லை.

மறுநாள் கல்யாணப் பட்டு எடுக்கப் பெரிய கூட்டம் வந்து மெத்தையில் உட்கார்ந்தது. சுடலை நின்றபடியே சேலையைக் கொடி மாதிரி தூக்கிக் காட்டினான்.

"கழுத்து வலிக்குது. உட்கார்ந்து விரிச்சுக் காட்டுப்பா" என்றாள் கல்யாணப் பெண்ணின் அத்தை.

"உட்கார்ந்தா அண்ணாச்சி சம்பளத்துல பிடிப்பாகம்மா. நேத்துகூடப் பிடிச்சாக."

அண்ணாச்சி பதறி ஓடிவந்தார். "ஏலே, பட்டை நின்னுக்கிட்டா காட்டுவாக? உட்காருலே."

"எனக்குச் சம்மதந்தான் அண்ணாச்சி. காலுதான் நேத்துலேர்ந்து மடங்கப் பயப்படுது."

அத்தை அண்ணாச்சியை ஏற இறங்கப் பார்த்தாள். "நாங்களுந்தான் உட்கார்ந்துட்டோம். எங்களுக்கு எவ்வளவு பிடிப்பீக?" என்று கேட்டபடி எழுந்திருக்கப் போனாள்.

அண்ணாச்சி கல்லாவுக்கு ஓடினார். பிடித்த கூலியைக் கொண்டுவந்து சுடலையின் சட்டைப்பையில் வைத்தார். சுடலை சாவகாசமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அப்புறம்தான் முதல் சேலை விரிந்தது.