கப்பலில் ஓர் இடம்

"பாரேன் அக்கா, பெத்த மக காலில அம்மா விழுது. காலம் கெட்டுப்போச்சு."

குளத்தின் அக்கரையில் தண்ணீர் மொள்ள வந்த பெண்களில் ஒருத்தி சொன்னது அது. இக்கரையில் தன் காவித் துவராடையைத் துவைத்துக்கொண்டிருந்த சேந்தியின் காதில் விழுந்தது. அவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

நாகைக் கடற்கரையில் இருந்த அந்தப் பௌத்தப் பிக்குணி மடத்தில் வயதுக்குக் கணக்கில்லை. முதலில் துறவு ஏற்றவர் மூத்தவர். உத்தரை சிறு வயதிலேயே அங்கு வந்துவிட்டாள். அவள் தாய் சேந்தி, கணவன் இறந்த பிறகு, போன ஆண்டுதான் வந்து தலை மழித்துக்கொண்டாள். அதனால் மகள் குரு. தாய் சீடப்பெண்.

வணங்குவதில் சேந்திக்கு வருத்தமே கிடையாது. குனியும்போதுதான் மகளின் பாதத்தை அருகில் பார்க்க முடிந்தது. குதிகால் வெடித்திருக்கிறதா, முள் ஏதும் தைத்திருக்கிறதா என்று பார்ப்பாள். மற்றவர்கள் எழுந்த பிறகும் அவள் எழ நேரமாகும். அதைப் பக்தி என்று நினைத்தவர்கள் இருந்தார்கள்.

தத்தை அப்படி நினைக்கவில்லை. மடத்திலேயே வயதில் மூத்தவள் அவள். வாயிலும்.

"நாங்க எல்லாம் நிர்வாணத்தைத் தேடி வந்தோம். இவ பொண்ணைத் தேடி வந்திருக்கா" என்பாள், சேந்தி கேட்கும்படியாகவே.

பிக்குணிகள் வெளியூர் போகாத மழைக்காலத் தங்கல் முடியும் சமயத்தில் செய்தி வந்தது. ஈழத்து மடம் ஒன்றில் அறம் கற்பிக்க உத்தரை கப்பலேறப் போகிறாள். திரும்பி வருவது நிச்சயமில்லை.

சேந்தி அன்றே போய் வணங்கினாள்.

"அடிகளே, நானும் வரேன்."

"எதற்கு?"

"அறம் கத்துக்க."

உத்தரை அவளையே பார்த்தாள். "எதற்கு?"

"உன் கூட இருக்க." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உங்க கூட இருக்க."

"கப்பலில் இடம் இருக்கிறது. வரலாம்."

சேந்தி எழவில்லை.

"ஒரு சந்தேகம், அடிகளே. பற்றுதான் துன்பம்னு தினமும் சொல்றீங்க. பெத்த பொண்ணு மேல இருக்கிறதும் பற்றா?"

உத்தரை கையிலிருந்த சுவடியை மூடி வைத்தாள்.

"பற்றுதான்னா அதை எவ்வளவு குறைக்கணும்? பாதியா? முழுசாவா? குறைச்சதை எங்கே கொண்டுபோய்ப் போடறது?"

"தத்தைக்குக் காய்ச்சல். இன்றிலிருந்து நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"கப்பல் கிளம்ப நாள் இருக்கிறது."

சேந்தி தத்தையின் அறைக்குப் போனாள். கஞ்சி காய்ச்சினாள். கசாயம் கொடுத்தாள். படுக்கையை உதறிப் போட்டாள்.

"கஞ்சியில உப்பு எங்கே? எல்லாத்தையும் உன் மக பாத்திரத்துல போட்டுட்டியா?" என்றாள் தத்தை.

சேந்தி பேசாமல் உப்புக் கொண்டுவந்தாள். சில நாட்கள் கழித்து உத்தரையிடம் போய் நின்றாள்.

"சொன்னபடி பார்த்துக்கிட்டேன். கஞ்சி, மருந்து, மாத்துத் துணி, ஒரு குறையும் வைக்கல."

"தூங்கும்போது தத்தை எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கிறார்?"

சேந்தி யோசித்தாள். "கவனிக்கல."

"நான்?"

"இடப்பக்கம். முழங்காலை மடக்கிக்கிட்டு. போர்வை நழுவினா கண்ணைத் திறக்காமலே முகம் சுளிக்கும். இடி இடிச்சா கை தேடும், பக்கத்துல யாராவது..."

அவள் பாதியில் நிறுத்தினாள்.

"எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்டீர்கள்" என்றாள் உத்தரை.

"ஆமா."

"குறைக்கச் சொன்னது யார்?"

சேந்தி வணங்கி எழுந்தாள். பிறகு தத்தையின் அறைக்குத் திரும்பினாள்.

அதன் பிறகு அவள் தத்தையைப் பார்க்கத் தொடங்கினாள். கசாயம் குடிக்கும் முன் தத்தை ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்தாள். கஞ்சி சூடாக இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லாமல் பாத்திரத்தைக் கை மாற்றிக்கொள்வதைப் பார்த்தாள். கோபம் வருவதற்கு முன்னால் அவள் இடது கண் இமை துடித்தது. அது துடிக்கும்போதெல்லாம் எங்கோ வலிக்கிறது என்பது சேந்திக்கு மெல்லப் புரிந்தது.

"என்ன அப்படிப் பார்க்கிறே? நான் என்ன திருவிழாத் தேரா?" என்றாள் தத்தை.

"முதுகு வலிக்குதா?"

தத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா" என்றாள்.

சேந்தி எண்ணெய் தேய்த்து நீவிவிட்டாள்.

"உன் மக சின்ன வயசிலேயே இப்படித்தானா? கேட்டதுக்குப் பதில் சொல்லாம, திருப்பிக் கேள்வி கேக்குமா?"

"அப்பவும் அதே கதைதான். சாப்பிட்டியான்னு கேட்டா, நீ சாப்பிட்டியான்னு கேக்கும்."

தத்தை சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, நிற்க நேரமாயிற்று.

கப்பல் புறப்படும் நாள் விடிந்தது. சேந்தி தன் பிச்சைப் பாத்திரத்தையும் மாற்று ஆடையையும் முதல் நாளே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தாள். ஆனால் தத்தைக்குக் காய்ச்சல் மறுபடி ஏறியிருந்தது.

உத்தரை அறை வாசலுக்கு வந்தாள்.

"காற்று திரும்பிவிட்டது. கரையில் படகு காத்திருக்கிறது. இவரைப் பார்த்துக்கொள்ள வேறு ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். வாருங்கள்."

சேந்தி உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவா. இப்பதான் கண் அசந்திருக்காங்க. வலப்பக்கம் படுத்தாத்தான் இவங்களுக்குத் தூக்கம் வரும். ஆனா அப்படிப் படுத்தா மூச்சு முட்டுது. அதனால என் மேலேயே சாய்ச்சு வெச்சிருக்கேன். கை மாறினா முழிச்சுக்குவாங்க."

"இவர் விழிக்கும்போது கப்பல் போயிருக்கும்."

"தெரியும்."

உத்தரை அங்கேயே நின்றாள். எப்போதும் உடனே வரும் குரல் இப்போது வரச் சற்றுத் தாமதமாயிற்று.

"கேட்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா?"

சேந்தி யோசித்தாள்.

"போர்வை எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கொண்டேன்."

"சரி."

உத்தரை போனாள்.

வெயில் ஏறியது. தத்தையின் அறைக்குக் கடலைப் பார்த்த சன்னல் ஒன்று உண்டு. அதன் வழியே கப்பலில் பாய் விரிப்பது தெரிந்தது. மேல்தளத்தில் துவராடைகள் தெரிந்தன. எது யார் என்று இன்னும் அடையாளம் சொல்ல முடிகிற தூரம்தான்.

ஈரக்காற்று உள்ளே வீசியது. தத்தை தூக்கத்திலேயே நடுங்கி, இரண்டு முறை இருமினாள்.

சேந்தி அவள் தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மற்றொரு கையை நீட்டிச் சன்னல் கதவை மூடினாள்.