மூக்குக்கு முன்னால்

ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. டீ ஆறும்வரை பொறுக்கமாட்டார். வாயைச் சுட்டுக்கொண்டு தம்ளரைத் திட்டுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் எட்டு வருஷம் ஒரே கொட்டகையில் கிடந்து ஒரு போர்விமானம் கட்டினார் என்றால், கூடவே இருந்த எங்களுக்கே நம்ப முடியவில்லை.

கோவில்பட்டியில் பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறை அவருடையது. தகடு வளைப்பதும் ரிவெட் அடிப்பதும் கைவந்த வேலை. அவர் கட்டியது ஸ்பிட்ஃபயர், இரண்டாம் உலகப் போரில் பறந்த விமானம். அதே நீளம், அதே வளைவு, அதே பச்சையும் பழுப்பும்.

போர்க்காலத்தில் போட்டுவிட்டுப் போன பழைய ஓடுபாதை ஒன்று ஊருக்கு வெளியே கிடந்தது. அதன் ஓரத்தில்தான் எங்கள் கொட்டகை. நாலைந்து பேர் இந்தக் கிறுக்கு பிடித்து அலைந்தோம். எங்களுக்குப் பறக்கச் சொல்லித் தந்தவர் எஸ்தர் டீச்சர். விமானப்படையிலிருந்து வந்தவர், அண்ணாச்சியைவிட இருபது வயது இளையவர். அவர் சரி என்று சொல்லாமல் எந்த விமானமும் தரையை விட்டுக் கிளம்பக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டவரே அண்ணாச்சிதான்.

டீச்சர் சரி என்று சொல்லவில்லை.

"இன்னைக்கும் உருட்டுங்க அண்ணாச்சி" என்பார் தினமும்.

உருட்டுவது என்றால் மேலே எழும்பாமல் தரையிலேயே ஓட்டிப் பழகுவது. தரையில் இருக்கும்போது இந்த விமானத்தின் வால் தாழ்ந்து மூக்கு தூக்கிக்கொண்டு நிற்கும். உள்ளே உட்கார்ந்தால் நீளமான மூக்கும் அதற்கு மேலே ஆகாயமும்தான் தெரியும். நேர் முன்னால் லாரி நின்றாலும் தெரியாது. அதனால் அந்தக் காலத்து விமானிகள் நேராக உருட்ட மாட்டார்களாம். இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பி மூக்கின் ஓரமாக முன்னால் பார்ப்பார்கள். பிறகு அந்தப் பக்கம் திருப்பிப் பார்ப்பார்கள். வளைந்து வளைந்துதான் போவார்கள்.

அண்ணாச்சி நடுக்கோட்டைப் பிடித்து நேராக ஓட்டினார்.

"வளைச்சு ஓட்டுங்கன்னு சொன்னேனே" என்றார் டீச்சர்.

"குடிச்சவன் மாதிரி தள்ளாடிக்கிட்டா போகச் சொல்லுதீங்க? ரெண்டு ஓரமும் தெரியுது. நடுவுல என்ன இருந்துரப் போகுது?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "மூக்குல ஒரு கேமரா வச்சுக்கிடுங்களேன் அண்ணாச்சி" என்றேன்.

"அசல்ல கேமரா இருந்துச்சா வே?" என்று என்மேல் பாய்ந்தார். அசல் மாதிரி வரவில்லை என்று இருக்கையின் தையலை மூன்று தடவை பிரித்துத் தைத்தவர் அவர்.

டீச்சர் சிரித்தார். "ஆணி முதக்கொண்டு அசல் மாதிரி. ஓட்டுறது மட்டும் உங்க மாதிரி."

அண்ணாச்சியின் அவசரத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. விமானம் ஓட்ட டாக்டர் கொடுக்கும் தகுதிச் சான்று வேண்டும். அண்ணாச்சியின் சான்று வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. இந்த இதயத்தை வைத்துக்கொண்டு இனிமேல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதற்குள் பறக்காவிட்டால், தான் கட்டிய விமானத்தை வேறொருவன் ஓட்டிப் போவதை அண்ணாச்சி கீழே நின்று பார்க்க வேண்டியதுதான். பாவம், அதை நினைத்து நினைத்து மனுஷன் பாதியாகிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் கொட்டகையே ரெண்டுபட்டது. அண்ணாச்சியின் தோல் தொப்பியைக் காணவில்லை. பழைய படத்தைப் பார்த்து அளவெடுத்துத் தைத்த தொப்பி. அதோடு சேர்ந்த பெரிய மூக்குக்கண்ணாடி. முதல் முறை பறக்கிற அன்றைக்குத்தான் தலையில் வைப்பேன் என்று துணியில் சுற்றி வைத்திருந்தார். எங்களைத் தொடக்கூட விட்டதில்லை. ஒவ்வொருவர் முகத்தையும் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தார். அலமாரிக்கும் வாசலுக்குமாக நடந்து தீர்த்தார்.

டீச்சர் வந்ததும் தொப்பியை மறந்து அவரைப் பிடித்துக்கொண்டார். "நீங்களே சொல்லுங்க டீச்சர், நான் எப்பத்தான் பறக்க?"

"கிழக்குக் கோடியில இருந்து இங்க வரைக்கும் உருட்டிட்டு வாங்க. வழியில என்ன பாத்தீங்கன்னு சொல்லுங்க. பிறகு பேசுவோம்."

போனார். நேராக, கோடு கிழித்த மாதிரி வந்தார். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஒண்ணுமே இல்ல. ரோடு துடைச்சு வச்சமாதிரி இருக்கு. சரின்னு சொல்லுங்க."

டீச்சர் ஓடுபாதையில் நடந்தார். அண்ணாச்சி பின்னாலேயே போனார், நானும் போனேன். பாதி தூரத்தில், நடுக்கோட்டில், கான்கிரீட் வெடிப்பில் ஒரு முளைக்குச்சி. காற்றில் பறந்துவிடாமல் தொப்பியின் வாரை அதில் கட்டியிருந்தது. முன்சக்கரங்கள் இரண்டும் இருபக்கமாக விலகிப் போயிருந்தன. வால் சக்கரம் மட்டும் நேராக ஏறி இறங்கியிருந்தது. கண்ணாடி பொடிப்பொடியாகக் கிடந்தது.

அண்ணாச்சி குனிந்து தொப்பியை அவிழ்த்து எடுத்தார்.

"யாரு வச்சது?"

"நான்தான்" என்றார் டீச்சர்.

"ஒரு கல்லை வச்சிருக்கக் கூடாதா? இதைப் போயி…" என்று இழுத்தார். எனக்கே டீச்சர்மேல் கோபம் வந்தது.

"கல்லா இருந்தா காலால தள்ளிவிட்டுட்டுப் போயிருப்பீங்க" என்றார் டீச்சர்.

அண்ணாச்சி தொப்பியைத் தட்டினார், நீவினார், மறுபடி தட்டினார். பிறகு அதை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"சரி. தப்புத்தான், ஒத்துக்கிடுதேன். இனிமே வளைச்சே ஓட்டுதேன், போதுமா? இருக்கது மூணு நாளு. இப்பவாவது சொல்லுங்க டீச்சர். நான் பறப்பேனா மாட்டேனா?"

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "அந்த மடக்கு நாற்காலிய எடுத்துட்டு வாங்க."

கொண்டுவந்தேன். முளைக்குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதே இடத்தில் நாற்காலியை விரித்தார். கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார்.

"அந்தக் கோடிக்குப் போங்க அண்ணாச்சி. போயி உருட்டிட்டு வாங்க."

"நீங்க முதல்ல எந்திரிங்க."

"நான் இங்கதான் இருப்பேன்."

அண்ணாச்சி விமானத்தைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். அவர் அசையாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மூக்குக்கு முன்னால நீங்க இருந்தா எனக்குத் தெரியாதே டீச்சர்."

"தெரியிற மாதிரி வாங்க. வந்து நின்ன பிறகு சொல்றேன்."